பல்பு எரிய ஒரு வயர் போதாதா?

‘பேட்டரிக் கட்டையிலிருந்து ஒரே ஒரு வயரை பல்புக்கு இழுத்தால் ஏன் எரிவதில்லை, எதற்கு இரண்டு?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று புராஜெக்டும் கையுமாக நிற்கிறது போல. வெட்கப்படாதீர்கள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த நானே இந்த இடத்தில்தான் மானம் போய் நின்றேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த நாள். எங்களுக்குத் தக்கலைப் பக்கம். ரப்பர் மரங்கள் வரிசையாக மின்கம்பிமேல் சாய்ந்து கிடந்தன. கரண்டு வர எட்டு நாள் ஆயிற்று. வீட்டில் பாட்டாவின் பழைய பித்தளை டார்ச் ஒன்றுதான், இரண்டு கட்டை போடுவது. எரியவில்லை. புதுக் கட்டை வாங்கிப் போட்டேன். பல்பையும் மாற்றினேன். ம்ஹூம். திண்ணையிலிருந்த பாட்டா கையை நீட்டி வாங்கினார். பின்மூடியைத் திருகிக் கழற்றி ஸ்பிரிங்கைத் தடவினார். விரல் நுனியில் காவியாகத் துரு. ரப்பர் பால் வெட்டுகிற கத்தியால் சுரண்டி, வேட்டித் தலைப்பில் துடைத்து மூடினார். பளிச்!

“போன கரண்டு திரும்பி வரண்டாமா மக்களே? பிசிக்ஸ் படிச்ச பிள்ளையாம்.”

டார்ச்சில் வயரே இல்லையே என்பீர்கள். அந்தப் பித்தளை உடம்புதான் இரண்டாவது வயர். முன்கட்டையின் குமிழ் பல்பின் அடியைத் தொடும். அங்கிருந்து கரண்டு டங்ஸ்டன் இழைக்குள் நுழைந்து, பல்பின் கழுத்து, சுவிட்ச், டார்ச்சின் உடம்பு, ஸ்பிரிங் என்று சுற்றிக் கட்டையின் அடிக்கு வந்து சேர வேண்டும். நடுவில் எங்கே விட்டுப்போனாலும் மொத்த ஓட்டமும் நின்றுவிடும். சுவிட்ச் செய்வதும் அதைத்தான், வேண்டுமென்றே. தலைமுடியைவிட மெல்லிய அந்த இழையில் ஓட்டம் நெருக்கியடித்துப் போவதால் சூடு 2000 டிகிரி செல்சியஸையும் தாண்டி, இழை ஒளிர்கிறது. கரண்டு அங்கேயே தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, போன அளவு அப்படியே திரும்பும்; செலவாவது கட்டையின் ஆற்றல்.

எலெக்ட்ரான் எதிர்த்திசையில் ஓடும் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். தெரியும் சார், பிள்ளைக்காகச் சுருக்கினேன். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுவது என்பதும் தெரியும். அதற்கும் பேஸ், நியூட்ரல் என்று இரண்டு வேண்டும். ஆனால் 230 வோல்ட் பக்கம் பிள்ளையை விடாதீர்கள், 1.5 வோல்ட் கட்டையே போதும்.

அந்த டார்ச்சைப் படம் எடுத்துப் போட்டிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. கரண்டு வந்த மறுவாரம், மிச்சமிருந்த மரங்களில் விடியுமுன் பால் வெட்டப் போக வேண்டும் என்று மச்சான் வாங்கிப் போனார். அப்புறம் மூன்று கல்யாண வீட்டில் பார்த்துவிட்டேன். கேட்டால், “எந்த டார்ச்?” என்கிறார்.