தரையைத் தொட்டுப் பார்க்கும் மகன்

கேள்வி: ஐந்து மாதத்துக்கு முன்பு நள்ளிரவில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. கணவர் அன்று வேலைக்குப் போயிருந்தார். எட்டு வயது மகனை மொட்டை மாடியில் நிறுத்திவிட்டு, கீழே தூங்கிக்கொண்டிருந்த நான்கு வயது மகளைத் தூக்கி வர இறங்கினேன். திரும்பி ஏறுவதற்குக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. வீட்டையும் சுத்தம் செய்து முன்போல் ஆக்கிவிட்டோம். ஆனால் மகன் இன்றும் ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து, இருட்டில் தரையைத் தொட்டுப் பார்க்கிறான். தலைமாட்டில் பள்ளிக்கூடப் பை. அதற்குள் ஒரு டார்ச், ஒரு சட்டை, தங்கையின் செருப்பு. விட்டுப்போயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்துவிட்டது. மேகம் திரண்டால் வகுப்பில் யாரிடமாவது சண்டை போடுகிறான். மகள் பொம்மையை வாளித் தண்ணீரில் அமுக்கி, "தண்ணி வந்துருச்சு" என்று தினமும் விளையாடுகிறாள். "அந்தப் பேச்சையே எடுக்காதே, பிள்ளைகள் தானாக மறந்துவிடும்" என்கிறார் மாமியார். படுக்கை நனைந்தால் கணவர் திட்டுகிறார். இது மனநோயா? பேசுவதா, மறக்க விடுவதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தங்கையின் செருப்பு என்ற இடத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. பிள்ளைகள் மறந்துவிடும் என்று பெரியவர்கள் நம்பிக்கொண்டிருக்கும் வீட்டில், ஒரு எட்டு வயதுப் பையன் ஐந்து மாதமாக இரவுக் காவல் பார்க்கிறான்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்று எது வந்துபோனாலும், முதல் சில வாரங்களுக்குக் கெட்ட கனவும், அம்மாவை ஒட்டிக்கொள்வதும், சின்ன சத்தத்துக்குத் தூக்கிப்போடுவதும் குழந்தைகளிடம் சகஜம். பெரும்பாலானவர்களுக்கு அது மெல்லக் குறைந்துவிடும். 1992-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவை ஆண்ட்ரூ புயல் தாக்கிய பிறகு, அங்கே பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று மாதம் கழித்துக் கடுமையான அறிகுறிகளோடு இருந்தவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம். பத்தாவது மாதத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இறங்காமல் நின்றுவிட்ட அந்தச் சிலருக்குத்தான் உதவி தேவைப்படுகிறது. ஒரு மாதத்தைத் தாண்டியும் தூக்கம், படிப்பு, விளையாட்டு எல்லாவற்றையும் இது கெடுத்தால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் பரிசோதிப்பார்கள். பிடிஎஸ்டி என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இதைத்தான். கடிதத்தை வைத்து நான் அந்தப் பெயரை உங்கள் மகனுக்குச் சூட்ட முடியாது. ஆனால் ஐந்து மாதம் ஆகிவிட்டது, காத்திருந்தது போதும். குழந்தைகள் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ இந்த மாதமே பாருங்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம், கொஞ்சம் கேலியாக. உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் அதில் கேலிக்கு ஒன்றுமில்லை. ஒரு தடவை உயிர்ப்பயம் கண்ட மூளை, அன்றைக்குக் கூட இருந்த எல்லாவற்றையும் ஆபத்தின் கணக்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. மேகம், இருட்டு, ஈர வாசனை, ஓட்டில் சொட்டும் தண்ணீர். இவற்றில் ஒன்று தட்டுப்பட்டாலும் யோசிக்க அவகாசம் தராமல் நெஞ்சு படபடக்கும், கை கால் விறைக்கும். உங்கள் மகன் வகுப்பில் சண்டை போடும்போது எதிரில் நிற்கும் பையனிடம் அவனுக்குப் பகை எதுவும் இல்லை. ஓடவும் வழியில்லாத நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். ஆசிரியரிடம் நேரில் போய் இதைச் சொல்லிவிடுங்கள். மேகம் கறுத்தால் அவனை ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார வைப்பதும், "எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா" என்று ஒரு வழி விடுவதும் அவர் செய்யக்கூடியவைதான்.

அந்தத் தரை விஷயத்துக்கு வருகிறேன். இருட்டில் குனிந்து கையை வைக்கும்போது, "ஒண்ணுமில்லடா, போய்ப் படு" என்றுதானே சொல்கிறீர்கள்? அவனுக்கு அது எட்டாது. அன்றைக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்துத்தான் எல்லாரும் படுத்தீர்கள். இன்று ராத்திரி படுக்கும் முன் நீங்களும் அவன் கூடவே குனியுங்கள். வாசல், கூடம், படுக்கையறை என்று இருவரும் கையை வைத்துப் பாருங்கள். காய்ந்திருக்கிறது என்று அவனே சொல்லட்டும். "இனி காலை வரை பார்த்துக்கொள்வது அம்மா வேலை" என்று சொல்லிப் படுக்க வையுங்கள். நடுவில் எழுந்தால் கோபிக்காமல், "என் டியூட்டி நேரம் இது" என்று திரும்பப் படுக்க விடுங்கள். பார்ப்பது படுக்கும் முன் ஒரே தடவைதான். அவன் கேட்டான் என்று அதை மூன்றாக, நான்காக நீட்டினால் பயத்துக்குத் தீனி போடுவதாகிவிடும். பையை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். தங்கையின் செருப்பை மட்டும், "இது என் பொறுப்பு" என்று கேட்டு வாங்கி உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசுவதா, மறக்க விடுவதா என்கிறீர்கள். உங்கள் மாமியார் அன்போடு சொல்வதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். வெள்ளம் என்ற சொல் வந்ததும் அம்மா முகம் மாறுகிறது, பேச்சு திரும்புகிறது என்று கவனித்துவிட்டால் அவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள், உங்களைக் காப்பாற்றுவதற்காக! பெற்றோரிடம் கேட்டால் குழந்தைக்கு இருக்கும் தொந்தரவு ஒரு அளவில் தெரியும், குழந்தையிடமே தனியாகக் கேட்டால் அதைவிடக் கூடுதலாகத் தெரியும். இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது.

வாய்க்குள்ளேயே இருப்பவற்றில் மோசமானது குற்ற உணர்வு. 1976-இல் கலிபோர்னியாவில் 26 பள்ளிப் பிள்ளைகள் பேருந்தோடு கடத்தப்பட்டு, பூமிக்கடியில் புதைத்திருந்த வண்டிக்குள் அடைக்கப்பட்டார்கள். தப்பி வந்த அந்தப் பிள்ளைகளை லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் ஆண்டுக்கணக்கில் கவனித்தார். வெள்ளத்துக்கும் கடத்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நடந்து முடிந்த பிறகு, அதற்கு முன்பு தெரிந்த சகுனங்களைத் தேடும் பழக்கம் அந்தக் குழந்தைகளிடம் இருந்தது. அன்று காலையிலேயே இப்படி நடந்ததே, நான் கவனித்திருக்க வேண்டாமா என்று. மேகம் திரண்டதும் உங்கள் மகன் பதறுவதிலும் இந்தக் கணக்கு இருக்கலாம். மழை வந்து லீவு விட வேண்டும் என்று முதல் நாள் வேண்டிக்கொண்ட பிள்ளை கூட, தான்தான் வெள்ளத்தை வரவழைத்துவிட்டோம் என்று மனசுக்குள் நம்பிக்கொண்டிருக்கலாம். "அன்னிக்கு நடந்ததுல உன் தப்பு ஏதாவது இருக்குன்னு நினைக்கிறியா?" என்று ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். மழை எதனால் பெய்கிறது, தண்ணீர் எந்த வழியாக வீட்டுக்கு வந்தது என்று படம் போட்டே விளக்கலாம்.

மகள் விளையாடுவது பேசுவதற்குப் பதிலாகத்தான். அந்த வயதில் சொல் போதாது, பொம்மை வேண்டும். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு இந்தக் கோளாறு வேறு மாதிரி தெரியும் என்பதால், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் அவர்களுக்கென்று தனி வரையறையே வகுத்தது. வாளியைப் பிடுங்க வேண்டாம். விளையாடி முடித்ததும் அவள் இளகி அடுத்த விளையாட்டுக்குப் போகிறாளா, இன்னும் விறைத்துப்போகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். இளகினால் நல்லது. தினமும் அதே இடத்தில் சிக்கி நின்றால் பக்கத்தில் உட்கார்ந்து, "பொம்மையை யாராவது தூக்க வரலாமா?" என்று கேளுங்கள். ஒரு கிண்ணத்தைப் படகாக மிதக்க விடுங்கள். மருத்துவரிடம் போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள். வெள்ளக் காட்சிகளைச் செய்தியிலும் செல்போனிலும் இருவர் கண்ணிலும் படாமல் வையுங்கள். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் அது இன்னொரு வெள்ளம் என்றே சின்னவள் நினைத்துக்கொள்வாள்.

படுக்கை நனைவதற்குத் திட்டக்கூடாது. உங்கள் கணவரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். வேண்டுமென்று செய்யாத ஒன்றைத் திட்டி நிறுத்த முடியாது, பயந்தான் கூடும். அன்றைக்கு வீட்டில் இல்லாமல் போனோமே என்ற வலி அவரைக் கோபமாகப் பேச வைக்கிறதோ என்றும் எனக்கு ஒரு எண்ணம். தவறாக இருந்தால் மன்னித்துக்கொள்ளட்டும்.

சிகிச்சை என்றதும் மாத்திரையை நினைக்காதீர்கள். அதிர்ச்சி நடந்த முதல் மாதத்து அறிகுறிகளுக்குக் குழந்தைகளுக்குப் பென்சோடயசிபைன் வகை மருந்துகளை, அதாவது பதற்றத்தைத் தணித்துத் தூங்க வைக்கும் மருந்துகளை, தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே அறிவுறுத்தியது. தூங்கட்டுமே என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தந்துவிடாதீர்கள். நன்றாகப் பலன் தருவது அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள் இருக்கும். முதலில் உடம்பின் படபடப்பை அடக்கக் கற்றுத் தருவார்கள். அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, குழந்தை தாங்கும் அளவுக்கு, எழுதியோ வரைந்தோ சொல்ல வைப்பார்கள். பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு. மகன் சாவதைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

நீங்கள் தூங்குகிறீர்களா என்று எழுதவே இல்லை. மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்தக் கால் மணி நேரம். அதை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் உங்களுக்குத் தயக்கம் இருக்கும். பகலில், கையில் ஏதாவது வேலை இருக்கும்போது, "அன்னிக்கு உன்னை மாடியில விட்டுட்டு இறங்கினேனே, அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். தங்கையைக் காப்பாற்றத்தானே போனேன் என்ற நியாயத்தை அப்போது எடுக்க வேண்டாம், அது அவனுக்கும் தெரியும். அவன் பதில் சொல்லாமல் எழுந்து போனாலும் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் அவனே வருவான். அப்படி வந்து, "ராத்திரி முழுக்க நீ வரவே இல்லை" என்று சொன்னால், கால் மணி நேரம்தான் ஆச்சு என்று திருத்திவிடாதீர்கள்.