படிப்பில் பெற்றோர் காட்டும் ஈடுபாட்டைப் பதின்ம வயதினர் எப்படி உணர்கிறார்கள் என்பதை அளப்பது எப்படி?

ஆய்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறேன், பெற்றோரிடம் மட்டும் கேட்டால் போதாதா, பிள்ளைகளிடமும் கேட்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். முதுநிலைப் படிப்பில் நானும் இதே தலைப்பை எடுத்தேன், என் முதல் கேள்வித்தாள் சரியாக வரவில்லை. அதிலிருந்தே சொல்கிறேன்.

“என் பெற்றோர் என் படிப்பைக் கவனிக்கிறார்கள்” என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். எதிரே ‘எப்போதும்’ முதல் ‘ஒருபோதும் இல்லை’ வரை ஐந்து கட்டங்கள். மாணவர்களிடம் முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்தபோது பலர் ‘எப்போதும்’ போட்டிருந்தார்கள். அப்புறம் சிலரோடு உட்கார்ந்து ஏன் அதைப் போட்டாய் என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு பெண், “அப்பா தினமும் பையைத் திறந்து நோட்டையெல்லாம் பார்ப்பார், அதான்” என்றாள், குரலில் சந்தோஷம் இல்லை. அடுத்த பையனுக்கு அதே வாக்கியம் என்றால் தேர்வுக்கு முந்தின இரவு அம்மா கூடவே விழித்திருப்பது. இரண்டுக்கும் நான் கொடுத்த மதிப்பெண் 5. நம் மொழியில் ‘கவனிப்பு’ அக்கறைக்கும் வரும், கண்காணிப்புக்கும் வரும், எனவே அந்தச் சொல்லை அப்படியே கேள்வியில் வைக்காதீர்கள். இன்னொரு பையன், “யாரை நினைச்சுப் போடணும், அம்மாவையா அப்பாவையா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி, பிரித்தே கேளுங்கள், தாத்தா பாட்டியோடு வளரும் பிள்ளைக்கும் ஒரு இடம் விடுங்கள்.

ஈடுபாடு என்பது ஒரே பொருள் இல்லை. குரோல்னிக், ஸ்லோவியாசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: பள்ளிக்குப் போவது, கூட்டங்களில் கலந்துகொள்வது போன்ற நேரடிச் செயல்கள், பிள்ளையின் பள்ளி வாழ்க்கையில் அக்கறை இருப்பதாகப் பிள்ளை உணர்வது, புத்தகம், உலக நடப்பு என்று அறிவுக்குத் தீனி கொடுப்பது. ஹில், டைசன் என்ற ஆய்வாளர்கள் 2009-இல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நடுநிலைப் பள்ளி வயதில் தேர்ச்சியோடு அதிகம் ஒட்டி வந்தது படிப்பின் மதிப்பையும் எதிர்காலத்தையும் பற்றிப் பிள்ளையோடு பேசுவதுதான். வீட்டுப்பாடத்தில் உதவுவதற்கு அப்படி ஒரு பலன் தெரியவில்லை. இதையெல்லாம் கூட்டி ஒரே மொத்த மதிப்பெண்ணாக்கினால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும், நம்பகத்தன்மைக்குப் பார்க்கும் கிரான்பாக் ஆல்பா என்ற அளவு, வழக்கமாகப் போதும் என்று கொள்ளும் 0.70-ஐத் தாண்டினாலும் சரி. அது கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும், நீங்கள் நினைத்ததைத்தான் அளக்கிறீர்களா என்று காட்டாது.

சரி, எப்படிக் கேட்பது? ‘எப்போதும்’, ‘அடிக்கடி’ எல்லாம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பல நாடுகளில் 15 வயது மாணவர்களிடம் நடத்தப்படும் பீசா (PISA) மதிப்பீட்டின் 2022 மாணவர் வினாத்தாளில், இன்று பள்ளியில் என்ன செய்தாய் என்று வீட்டில் கேட்பது போன்றவற்றுக்கு வாரத்துக்கு ஓரிரு முறை, மாதத்துக்கு ஓரிரு முறை என்று எண்ணிச் சொல்லும்படி விடைகள் இருந்தன. அது நல்ல வழி. ஆனால் எண்ணிக்கை மட்டும் உணர்வைச் சொல்லாது, அதனால் ஒவ்வொன்றுக்கும் கீழே “அப்படிச் செய்யும்போது உனக்கு எப்படி இருக்கிறது?” என்று இன்னொரு கேள்வி வையுங்கள், துணையாக இருக்கிறது என்பதிலிருந்து நெருக்குகிறது என்பது வரை. தாள் நீளமாகும், பரவாயில்லை, கூற்றுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

“என் மதிப்பெண் என் பெற்றோருக்குத் தெரியும்” மாதிரிக் கூற்றுகளில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பெற்றோருக்குத் தெரிவதில் பெரும்பகுதி பிள்ளை தானாக வந்து சொல்வதால்தான் என்று ஸ்டாட்டின், கெர் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் காட்டினார்கள், ஆகவே அங்கே நீங்கள் அளப்பது பெரும்பாலும் பிள்ளையின் மனத்திறப்பை. எதிர்மறை வாக்கியங்களையும் தவிருங்கள், “அம்மா கேட்பதில்லை” என்பதற்கு எதிரே ‘ஒருபோதும் இல்லை’ இருந்தால் பெரியவர்களே குழம்புவார்கள்.

பெயர் எழுதச் சொல்லாதீர்கள். பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும், ஆனால் நிரப்பிய தாள் அவர்கள் கையிலோ வகுப்பாசிரியர் கையிலோ போகாது என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி, உறையில் போட்டு அவர்களே ஒட்டித் தரட்டும். அச்சடிப்பதற்கு முன் ஐந்தாறு பிள்ளைகளைத் தனித்தனியே உட்காரவைத்து, ஒவ்வொரு கூற்றையும் வாசித்ததும் வீட்டில் நடந்த எந்தச் சம்பவம் நினைவுக்கு வந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். நான் அதை அச்சடித்த பிறகுதான் செய்தேன், பாதிக் கூற்றுகளை மாற்றி எழுத வேண்டியதாயிற்று.