மைக்ரோகண்ட்ரோலர் பட்டறை: எந்தப் போர்டு, எந்த மென்பொருள்?

தென்னாப்பிரிக்காவில், பெரும்பாலும் டர்பன் வட்டாரத்தில், பிள்ளைகளுக்கு மைக்ரோகண்ட்ரோலர் (விளக்கு, உணரி போன்றவற்றை இயக்கும் ஒற்றைச் சிப் கணினி) நிரலாக்கம் கற்பிக்க விரும்புவோர் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

சாட்ஸ்வர்த் ஆசிரியை: பிள்ளைகள் கொண்டுவரும் மடிக்கணினிகளில் விண்டோஸ், மேக், உபுண்டு எல்லாம் கலந்திருக்கின்றன. சிலரிடம் குரோம்புக் மட்டுமே உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது, ஐயா?

பதில்: அம்மா, முதலில் வயதைப் பாருங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் மைக்ரோபிட் போர்டும் அதற்கு நிரல் எழுதும் மேக்கோடு மென்பொருளும் போதும். மேக்கோடு உலாவியிலேயே இயங்குவதால் குரோம்புக்கிலும் தடையில்லை. குரோம், எட்ஜ் உலாவிகளிலிருந்து நிரலை நேராக அனுப்பலாம்; ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் கோப்பைத் தரவிறக்கி, பென்டிரைவைப் போலத் தோன்றும் போர்டுக்குள் நகலெடுக்க வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டும், பைத்தான் மொழியில் நிரல் எழுதும் தான்னி மென்பொருளும் என்பது என் கருத்து. பிக்கோவின் பூட்செல் பொத்தானை அழுத்தியபடி கேபிளைச் செருகி, மைக்ரோபைத்தான் (போர்டுகளுக்கான சிறு பைத்தான்) கோப்பை அதற்குள் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்காக உருவான தான்னி, மூன்று இயங்குதளங்களிலும் ஒரே முகம் காட்டுவதால், "என் திரையில் அந்தப் பட்டனே இல்லையே" என்ற குரல் வகுப்பில் எழாது. பள்ளிக் கட்டுப்பாட்டிலுள்ள குரோம்புக்கில் தான்னியை நிறுவ முயன்று நேரத்தைக் கரைக்காதீர்கள். அந்தப் பிள்ளையை இன்னொருவருடன் சேர்த்து உட்காரவையுங்கள். யூஎஸ்பி கேபிள்களை முன்னதாகவே சோதித்துவிடுங்கள், ஏனெனில் சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் தரவு போகாது.

பீனிக்ஸ் வாசகர்: எங்களிடம் ஏற்கெனவே மலிவான ஆர்டுயினோ ஊனோ நகல்கள் இருக்கின்றன. தூக்கிப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அவற்றில் யூஎஸ்பி இணைப்புக்குப் பெரும்பாலும் சிஹெச்340 சிப் இருக்கும். விண்டோஸில் அதற்கு டிரைவர் தேவைப்படலாம். உபுண்டு 22.04இல் பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அந்தச் சிப்பைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். பிரெய்ல் திரை பயன்படுத்துவோர் இல்லையென்றால் அதை நீக்கிவிடலாம். உபுண்டுவில் பயனரை, போர்டுடன் பேச அனுமதி தரும் டயலவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையவும் வேண்டும். பழைய 32 பிட் விண்டோஸ் கணினிக்கு, ஊனோவுக்கு நிரல் எழுதி ஏற்றும் ஆர்டுயினோ ஐடிஇ மென்பொருளின் 2ஆம் பதிப்பு ஒத்துவராது, 1.8.19 பதிப்பை நிறுவுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பொறியாளர்: பைத்தானில் தொடங்கும் பிள்ளைக்கு நினைவகத்தின் அருமை தெரியாது. ஊனோவில் இருப்பதே 2 கிலோபைட் ரேம். அந்த நெருக்கடியில்தான் நல்ல நிரலாளர் உருவாகிறார்.

பதில்: உருவாகலாம், ஐயா; ஆனால் முதல் மணி நேரத்தில் அல்ல. ஊனோவில் ஒரு பிள்ளை, ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்வதாக நினைத்து டிலே(60 * 1000) என்று எழுதுகிறது; டிலே என்பது மில்லிவினாடிக் கணக்கில் காத்திருக்கச் செய்யும் கட்டளை. அங்கே முழு எண்ணுக்கு 16 பிட்டே இடம், உச்சம் 32,767. ஆகவே 60,000 என்பது −5,536 ஆகி, டிலே அதைக் குறியற்ற (கழித்தல் குறி ஏற்காத) மிகப் பெரிய எண்ணாக வாசித்து, ஏறக்குறைய 49.7 நாள் காத்திருக்கத் தொடங்கும். எல்இடி அசையாது, ஐடிஇயும் இயல்பாக எச்சரிக்காது. தரவு வகை தெரிந்தவருக்கு இது அருமையான பாடம்; தெரியாத பிள்ளை தன் கம்பி இணைப்பையே சந்தேகித்துக்கொண்டிருக்கும்.

அதே பொறியாளர்: அப்படியானால் ஊனோவில் எழுதும் சி++ மொழி என்றைக்குமே வேண்டாமா?

பதில்: மூன்றாம் வாரத்தில் கட்டாயம் வேண்டும், இதே டிலே கணக்கோடு. தான்னியில் ஒரு வரி எழுதி எண்டர் தட்டியதும் போர்டு பதில் சொல்கிறது; ஒவ்வொரு மாற்றத்துக்கும் தொகுத்து ஏற்றிக் காத்திருக்கும் வேலை இல்லை. அந்த வேகத்தில் கிடைக்கும் துணிச்சலைத்தான் முதல் நாளுக்குக் கேட்கிறேன். உங்கள் 2 கிலோபைட்டை யாரும் பறிக்கவில்லை.

வெருலம் வாசகி: லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்து வைஃபை போய்விட்டால்?

பதில்: தான்னி நிறுவியையும் பிக்கோவுக்கான மைக்ரோபைத்தான் (யூஎஃப்2) கோப்பையும் பென்டிரைவில் எடுத்து வாருங்கள். மடிக்கணினிகளை முழுச் சார்ஜுடன் வரச் சொல்லுங்கள். இன்னொரு போர்டு வகையான ஈஎஸ்பி32க்கான ஆர்டுயினோ தொகுப்பு நூற்றுக்கணக்கான மெகாபைட் என்பதால் கைப்பேசி டேட்டாவில் அங்கேயே இறக்க எண்ணாதீர்கள்.

டொங்காட் மாணவர்: மடிக்கணினி இல்லை, கைப்பேசி போதுமா?

பதில்: மைக்ரோபிட்டுக்குப் போதும், தம்பி, அதன் கைப்பேசிச் செயலி புளூடூத் வழியே நிரலை அனுப்பும்.

லெனேசியா வாசகர்: பிக்கோவில் ஹெச்சி-எஸ்ஆர்04 தொலைவு உணரியை நேராக இணைக்கலாமா?

பதில்: கூடாது. அதன் எக்கோ முனை 5 வோல்ட் தரும். பிக்கோவின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை. இடையே 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் தடைகளால் மின்னழுத்தத்தைக் குறையுங்கள்.

மெரிபேங்க் வாசகர்: வீட்டு இன்வெர்ட்டர் வயரிங்கைப் பற்றி...

பதில்: அது 230 வோல்ட். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

பீனிக்ஸ், இன்னொருவர்: போர்டில் விளக்கு எரிகிறது, ஆனால் கணினி அதைக் காணவில்லை. விண்டோஸை மறுபடி நிறுவலாமா?

பதில்: கேபிளை மாற்றுங்கள். முதல் பதிலிலேயே எழுதியிருக்கிறேன்.