மகள் படித்த கதையும் பட்டறையின் தனித் தம்ளரும்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குத் தமிழ் நன்றாக வர வேண்டும் என்று கதைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தேன். வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணின் மகளைப் பற்றிய கதையைப் படித்ததிலிருந்து, பட்டறையைக் கூட்டிப் பெருக்க வரும் அம்மாவுக்கு நாங்கள் வைத்திருந்த தனித் தம்ளரை எடுத்துப் போட்டுவிட்டு, வீட்டுத் தம்ளரிலேயே டீ கொடுக்கிறாள். என் தாயார் பேத்தியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கதை என்பது பொழுதுபோக்குத்தானே? பாடப் புத்தகம் மட்டும் போதும் என்று சொல்லிவிடலாமா?

பதில்: அன்புள்ள ஐயா,

அப்படிச் சொல்ல வேண்டாம். உங்கள் மகளை மாற்றியது அந்தக் கதைதான் என்று நீங்கள் கணித்திருப்பது சரி. அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்து வாங்கியதில்தான் கணக்குப் பிசகியிருக்கிறது.

பாடப் புத்தகம் மட்டும் போதும் என்கிறீர்கள். தீண்டாமை பெருங்குற்றம் என்ற வாசகம் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முன்பக்கத்திலேயே அச்சிடப்படுகிறது. அதைப் பார்த்துப் பார்த்தே பல தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள், தம்ளரும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. அந்த வாசகம் பொய் என்பதால் அல்ல. இதைச் செய்யாதே என்று யாராவது சொன்னவுடன், நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை, இது வெறும் சுத்தம் பார்ப்பது, காலங்காலமாக வந்த வழக்கம் என்று மனம் தனக்கு வேண்டிய சமாதானங்களைத் தேடி வைத்துக்கொள்கிறது. கதை நம்மிடம் எதையும் கேட்பதில்லை என்பதால் அதன்முன் அந்தச் சமாதானங்களுக்கு வேலையில்லை. ஒரு மணி நேரம் உங்கள் மகள் அந்த வேலைக்காரப் பெண்ணின் மகளாக இருந்து, அவளுடைய அவமானத்தைத் தன் அவமானமாகப் பட்டுவிட்டு வந்திருக்கிறாள். தினமும் கண்ணில் பட்ட தம்ளரை அன்றைக்குத்தான் அதை வாங்குகிற கையின் பக்கமிருந்து பார்த்திருக்கிறாள்.

இதை நன்றாக அறிந்த ராஜாஜி உங்கள் ஊரிலேயே வழக்கறிஞராகவும் 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் இருந்தார். அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த திருச்செங்கோடு பக்கத்தில், புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து அவர் 1929இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். குடியின் கேடுகளைக் கட்டுரைகளாக மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், அவர்கள் கதைகளையும் படங்களையும் சேர்த்தே வெளியிட்டார்கள். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராகி (இன்றைய முதலமைச்சர் பதவி போன்றது) 1937 அக்டோபர் 1 அன்று மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, அது சட்டத்தின் வேலை, கதையின் வேலை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் போடும் அதிகாரம் கைக்கு வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, குடிப்பவனின் மனைவி படும் பாட்டைக் கதையாகக் கேட்கச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் கதைகளுக்கு விளம்பரம் செய்தவனாகிவிடுவேன். நந்தனார் கதையை உங்கள் தாயார் நிச்சயம் கேட்டிருப்பார். சுந்தரர் ஒரே அடியில் போற்றிய அந்த அடியாரைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் விரித்துப் பாடினார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார், பெரிய புராணத்தில் இல்லாத ஒரு கொடிய பண்ணையாரை உள்ளே கொண்டுவந்து, நந்தனின் ஏக்கத்தை ஊரே பாடும்படி செய்தார். அந்தக் கதாகாலட்சேபத்தில் கண்ணீர் விட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பி, கொல்லைப்புறத்தில் தனிக் குவளை வைத்தவர்களும் நம் முன்னோர்தாம். கதை மனத்தை இளக்கும். இளகிய மனம் மறுநாள் காலை பழையபடி இறுகிப்போவதைத் தடுக்கும் வலிமை அதற்கு இல்லை. உங்கள் மகள் மறுநாள் காலையில் எழுந்து தம்ளரை மாற்றியிருக்கிறாள் என்பதில்தான் அவள் பெரியவர்கள் பலரைவிட ஒரு படி மேலே நிற்கிறாள்.

ஆகவே செய்ய வேண்டியது உங்கள் பக்கம் இருக்கிறது. பட்டறை உங்களுடையது. தம்ளர் விஷயத்தில் முடிவெடுத்தவளாக ஒரு பதினான்கு வயதுப் பெண் தன் அப்பாயியின் எதிரே தனியாக நிற்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே தம்ளர் என்பது இனி உங்கள் ஏற்பாடு என்று தாயாரிடம் நீங்களே சொல்லுங்கள். சாதி பார்த்து வைத்த தம்ளரா என்பதை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, எழுதாமல் விட்டதே எனக்குப் போதுமான பதில். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்த வழக்கம் அது. தாயாரின் மனவருத்தத்துக்காக அதை வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இல்லை.

தாயாரைப் பொறுத்தவரை, மகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: அந்தக் கதையை எடுத்துக்காட்டி அப்பாயிக்குப் பாடம் நடத்தக் கூடாது. அறிவுரையாகிவிட்டால் அதுவும் பாடநூலின் முன்பக்கம் போலத்தான் ஆகும். அதைவிட, அப்பாயியிடம் நந்தன் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கட்டும். கோயிலுக்குள் போக நந்தன் ஏன் தீயில் இறங்க வேண்டும், மற்றவர்கள் இறங்கினார்களா என்று இந்தக் காலத்துப் பெண் கேட்காமல் இருக்க மாட்டாள். அந்தக் கேள்விக்கு அவர்கள் இருவரும் சேர்ந்தே பதில் தேடட்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள். எழுபது வயதில் ஒருவர் ஒரு கதைக்காக மாறிவிடுவார் என்று நான் உறுதி சொல்லவில்லை. பேத்தியோடு பேச்சு தொடங்கினாலே இப்போதைக்குப் போதும்.

அந்தக் கதைப் புத்தகத்தை நீங்கள் படித்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. மகளிடம் இரவல் கேளுங்கள்.