நுரையீரலைச் சுத்தம் செய்யும் சிரப் வாங்கலாமா?

கேள்வி: என் கணவர் கிரானைட், டைல்ஸ் வெட்டும் வேலை செய்கிறார். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் வெள்ளைத் தூசியாக வருகிறது. நுரையீரலில் உள்ள எதிர்ப்புச் செல்களைப் பெருக்கி, தூசியை முழுக்க வெளியேற்றும் என்று ஒரு சிரப்புக்கு விளம்பரம் பார்த்தேன். பாட்டில் 1,200 ரூபாய். வாங்கிக் கொடுக்கலாமா? – சேலம் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு இருக்கிறது.

மூக்கில் வெள்ளையாக வருகிறதே, அது உடம்பு தடுத்து நிறுத்திய தூசி. பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத பொடிக்குத்தான். 5 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே சளியும் இல்லை, அதை மேலே தள்ளும் நுண்மயிரும் இல்லை. காவலுக்கு இருப்பவை மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள்தான். அடுப்புப் புகை, ரோட்டுத் தூசி, கிருமி என்று எது வந்தாலும் விழுங்கி அப்புறப்படுத்தப் பார்க்கும்.

கல் தூசியில் இருக்கும் சிலிக்காவிடம்தான் அவை தோற்றுப்போகின்றன. விழுங்கிய சிலிக்காவைச் செரிக்க முடியாது. அது செல்லை உள்ளிருந்தே சிதைத்துக் கொன்றுவிடும். வெளியே விழும் துகளை அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். ஒவ்வொரு முறையும் அந்த இடம் அழன்று, நாளடைவில் தழும்பாக இறுகுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் முற்றலாம். செல்களைப் பெருக்கினால் தூசி போய்விடும் என்பது இந்த இடத்தில் அர்த்தமே இல்லாத பேச்சு. தூசி வேலைக்காரர்கள் நம்பிச் சாப்பிடும் வாழைப்பழமும் வெல்லமும் போவது வயிற்றுக்கு. சாப்பிடட்டும், அதைக் காவல் என்று நம்ப வேண்டாம்.

முதல் செலவு, தண்ணீர் விட்டு வெட்டும் மெஷின். தூசி கிளம்பும் இடத்திலேயே அடங்கிவிடும். முதலாளியிடம் கேட்டு வாங்க வேண்டியது அது. சாதாரண கிரைண்டரில் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெட்டுவது கூடாது, ஷாக் அடிக்கும்.

அடுத்தது மாஸ்க். துண்டும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தப் பொடிக்குப் போதாது. எஃப்.எஃப்.பி.2 அல்லது என்95 கேளுங்கள். ஐ.எஸ். 9473 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். காதில் மாட்டுவதைவிட, தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் வகை நன்றாக ஒட்டி நிற்கும். போட்டதும் இரண்டு கையாலும் மூடி ஊதச் சொல்லுங்கள். மூக்கோரம் கண்ணில் காற்று பட்டால் சரியாகப் பொருந்தவில்லை. தாடி இருந்தாலும் இடைவெளி விடும். துவைக்கவே கூடாது, வடிகட்டும் சக்தி போய்விடும். மூச்சு இழுக்கக் கஷ்டமானால் மாற்றிவிட வேண்டும். ஒரு பாட்டில் சிரப்பின் விலையில் இப்படிப் பல வாங்கலாம்.

வேலை உடுப்பை வீட்டுக்குள் உதறாதீர்கள், அந்தப் பொடி உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவருக்குப் புகைப் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் மார்பு எக்ஸ்ரே எடுத்து, என்ன வேலை, எத்தனை வருஷம் என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் தொற்றும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனையும் தேவை.

அந்த விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தவறான விளம்பரம் என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.