ஏர் ஃப்ரையர்ல சிக்கன்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் உக்காந்து பதில் சொல்றேன்னு சொல்லியிருந்தேன், வந்துட்டேன். புதுசா வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை, ஹோட்டல் கிச்சன்ல 11 வருஷம் தந்தூர் பக்கம் நின்னவ நான், இப்ப 6 வருஷமா பெரம்பூர் வீட்ல ஏர் ஃப்ரையர்ல தான் சிக்கன். குழம்பு, பிரியாணி கேள்வியெல்லாம் இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.

வேளச்சேரி தம்பி: அக்கா, பேச்சிலர் ரூம். லெக் பீஸ் 200 டிகிரில 25 நிமிஷம் வெச்சேன். வெளிய வெளுத்துப்போய் ரப்பர் மாதிரி, உள்ள நார் நாரா வறண்டு கெடக்கு. எங்க தப்பு பண்றேன்?

தம்பி, நல்ல கேள்வி, இதுல தான் எல்லாமே இருக்கு. ஏர் ஃப்ரையர்னு பேர் வெச்சாலும் அது பொரிக்கல, மேல சூடாகற ஒரு கம்பிச் சுருள் (காயில்), அதுக்கு மேல ஒரு ஃபேன், சின்ன பொட்டிக்குள்ள சூடான காத்து சுத்துது, அவ்ளோதான். கறி மேல ஈரம் இருக்கற வரைக்கும் மேல்பக்கம் 100 டிகிரிய தாண்டி ஏறாது, ஏன்னா வர்ற சூடெல்லாம் அந்த தண்ணிய ஆவியாக்கறதுக்கே போயிடும். செவக்கறது, மொறுமொறுப்பாகறதெல்லாம் 140 டிகிரி பக்கம் போனா தான் ஆரம்பிக்கும். நீங்க கழுவி அப்படியே மசாலா தடவி போட்டிருப்பீங்க, மொத 15 நிமிஷம் அது காயறதுக்கே போயிருக்கும், வெளிய செவக்கறதுக்குள்ள உள்ள வெந்து வறண்டுடுச்சு.

அதனால மொத வேலை, துடைங்க. டிஷ்யூ ரோல்ல ஒவ்வொரு பீஸையும் அழுத்தி ஒத்தி எடுங்க, டிஷ்யூ நனையாம வர்ற வரைக்கும். அப்புறம் உப்பு. ஒரு கிலோவுக்கு 15 கிராம், தூள் உப்புன்னா ரெண்டரை டீஸ்பூன். தடவி ஒரு தட்டுல பரப்பி, மூடாம, ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல ராத்திரி பூரா வைங்க (கீழ் தட்டுன்னு சொல்றது காரணமா தான், பச்சை கறித்தண்ணி பால் மேலயோ காய் மேலயோ சொட்டக்கூடாது). உப்பு மொதல்ல தண்ணிய வெளிய இழுக்கும், கொஞ்ச நேரத்துல அந்த தண்ணியே உப்போட திரும்ப உள்ள போயிடும், கறி வேகும்போது சாறை விடாம பிடிச்சு வெச்சுக்கும். காலைல எடுத்து தோல் மேல விரல் வெச்சுப் பாருங்க, வழுக்காது, பாதி காஞ்ச வடாம் மாதிரி இழுத்துப் பிடிச்சிருக்கும். அது தான் அடையாளம். அப்புறம் மசாலாவ ஒரு ஸ்பூன் எண்ணெய்ல கொழச்சு தடவுங்க, தண்ணி சேக்காதீங்க.

180ல 18 நிமிஷம், திருப்பிப் போட்டு 200ல 6லேர்ந்து 8 நிமிஷம். மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால நிமிஷத்த நம்பாம ஒரு குத்தற தெர்மாமீட்டர் வாங்கிக்கோங்க. எலும்பு மேல படாம தடியான எடத்துல குத்தணும். 74 டிகிரி வந்தா சாப்பிட பயமில்ல. ஆனா லெக் பீஸ்ல 74ல நிறுத்தினா சவ்வு கடிபடும், நான் 82, 85 வரைக்கும் விடுவேன், அப்ப தான் அந்த சவ்வு உருகி ஜெல்லி மாதிரியாகி கறி பஞ்சா இருக்கும். நெஞ்சுக்கறி வேற கதை, 74 தொட்டதும் வெளிய எடுத்துடணும்.

இன்னொன்னு, கடைல சொல்லும்போதே "தோலோட" ன்னு மொதல்லயே சொல்லிடுங்க. நம்மூரு கடைங்கள்ல பெரும்பாலும் றெக்கையோட சேத்து தோலையும் உரிச்சு எடுத்துடுவாங்க. தோலோட வேணும்னா வெந்நீர்ல முக்கி றெக்கை பிடுங்கணும், வெட்ட ஆரம்பிச்சப்புறம் சொன்னா ஆகாது.

மடிப்பாக்கம், ரெண்டு பசங்க அம்மா: எங்க வீட்ல யாரும் தோல் சாப்பிட மாட்டாங்க. சிக்கன் 65 மாதிரி கார்ன்ஃப்ளார் போட்டு வெச்சா வெள்ளை வெள்ளையா மாவு அப்படியே நிக்குது மேடம்.

மாவு வேகறதுக்கு எண்ணெய் வேணும்மா. வாணலில அது தானா கெடைக்குது, இங்க நாம தான் குடுக்கணும். அரை கிலோ எலும்பில்லாத கறிக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார், ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு. தயிர் போடறதா இருந்தா துணில கட்டித் தொங்கவிட்டு தண்ணி வடிஞ்ச கெட்டித் தயிர். வறண்ட மாவு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு பெசஞ்சு, 10 நிமிஷம் ஊற விட்டு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊத்திப் பெரட்டி, ஒன்னோட ஒன்னு ஒட்டாம அடுக்குங்க. பாதில வெள்ளையா எங்கயாவது தெரிஞ்சா அங்க மட்டும் பிரஷ்ல எண்ணெய் தொட்டு வைங்க. பஜ்ஜி மாவு மாதிரி தண்ணியா கரைச்சா எல்லாம் ஓட்டை வழியா கீழ எறங்கிடும்.

கலருக்கு காஷ்மீரி மிளகாய்த்தூளே போதும், கலர் பொடி வேணாம், பசங்க சாப்பிடறது. கறிவேப்பிலைய மேல தூவாதீங்க, ஃபேன் காத்துல பறந்து காயில்ல ஒட்டி கருகும். எண்ணெய் தடவி கடைசி ரெண்டு நிமிஷம் பீஸுக்கு அடில சொருகுங்க. ஒன்னு மட்டும் சொல்லிக்கறேன், மவுண்ட் ரோடு புகாரி ஹோட்டல்ல 1965ல ஆரம்பிச்சதா சொல்ற அந்த 65 எண்ணெய்ல முங்கிப் பொரிஞ்சது. இதுல வர்றது 65 மசாலா போட்ட ரோஸ்ட். நல்லா இருக்கும், ஆனா அதுவே வேணும்னா வாணலி தான்.

அம்பத்தூர் சார்: கரண்ட் பில் எகிறுமா?

1500 வாட் மெஷின் 20 நிமிஷம் ஓடினா அரை யூனிட் சார், பில்லுக்குப் பயப்படாதீங்க. பிளக்குக்குப் பயப்படுங்க. 1500ஐ 230ஆல வகுத்தா ஆறரை ஆம்பியர் வருது, சாதாரண சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கு தான். ஏசி, கீசர் போடற பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட்ல நேரா போடுங்க. எங்க வீட்ல மொத வருஷம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டு வெச்சிருந்தேன், ஒரு நாள் மசாலா வாசனைக்கு நடுவுல பிளாஸ்டிக் வாடை வந்துச்சு, கைய வெச்சா பாக்ஸ் கொதிக்குது, பின் போற ஓட்டை ரெண்டும் பழுப்பாகி எளகிப் போயிருந்துச்சு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேணவே வேணாம்.

போரூர்: எந்த மாடல் வாங்கலாம்?

மாடல் சொல்றதில்ல. லிட்டர பாக்காம பேஸ்கெட் எவ்ளோ அகலம்னு பாருங்க, ஒரே அடுக்கா எவ்ளோ பீஸ் உக்காருதோ அது தான் கணக்கு.

தாம்பரம்: அக்கா சிக்கன் கிரிஸ்பியே ஆக மாட்டேங்குது.

மொத பதில் பாருங்க. துடைங்க.

ராயபுரம்: நாட்டுக்கோழி பண்ணலாமா?

அப்படியே போட்டா பல்லு நோகும். குக்கர்ல வேக வெச்சு, தண்ணி வடிச்சு, துடைச்சு, கடைசியா 200ல 8 நிமிஷம். நாட்டுக்கோழிக்கு குழம்பு தான் மரியாதை.

அண்ணா நகர்: சிக்கன கழுவவே கூடாதுன்னு வெளிநாட்டுல சொல்றாங்களே, நீங்க என்ன சொல்றீங்க?

புரசைவாக்கம் ஆன்ட்டி: என்னம்மா அநியாயம், கழுவாம எப்படி? மஞ்சத்தூள் போட்டு நாலு தண்ணி அலசினா தான் கவிச்சி போகும், எங்க மாமியார் காலத்துலேர்ந்து அப்படித்தான்.

அண்ணா நகர்: ஆன்ட்டி, கழுவினா கிருமி போகாது, சிங்க் பூரா தெறிக்கும். வேகும்போது தான் சாகும்.

புரசைவாக்கம் ஆன்ட்டி: தெறிச்சா தொடச்சுக்கோ. ரத்தத்தோட என்னால சமைக்க முடியாது.

இதுக்கே அரை மணி நேரமா 20 பேர் எழுதியிருக்கீங்க, என் பக்கத்த முழுசா சொல்லிடறேன். கிருமி விஷயத்துல அண்ணா நகர் சொல்றது சரி. சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் ரெண்டுமே பச்சைக் கோழில இருக்கறது சகஜம், தண்ணில போகாது, குழாய்க்கு அடில காட்டினா தெறிச்சு பக்கத்துல இருக்கற தட்டு, தக்காளி மேலயெல்லாம் போகும். மஞ்சத்தூளும் அத நிறுத்தாது.

ஆனா அந்த அறிவுரை ஃபேக்டரில சுத்தம் பண்ணி, பாக்கெட்ல அடைச்சு வர்ற கறிய வெச்சு சொன்னது. நம்ம கறிக்கடைல மரக்கட்டை மேல வெச்சு கத்தியால வெட்டறாங்க, எலும்புச் சில்லு ஒட்டியிருக்கும், றெக்கைத் துணுக்கு, சில நேரம் மரத்தூள் கூட இருக்கும். அந்த சில்லு கொழந்த தொண்டைல மாட்டினா யார் பதில் சொல்றது? ஆன்ட்டி கழுவறதுலயும் நியாயம் இருக்கு.

நான் பண்றது இது. சிங்க்ல இருக்கற பாத்திரத்த எல்லாம் மொதல்ல எடுத்துடுவேன். வாய் அகலமான ஆழமான பாத்திரத்துல தண்ணி பிடிச்சு குழாய மூடிட்டு, அதுக்கப்புறம் கறிய உள்ள விட்டு மெதுவா கையால தடவி சில்லு எடுப்பேன். தண்ணிய சிங்க் ஓட்டைக்குப் பக்கத்துல மெல்ல சாய்ப்பேன். சிங்க், குழாய்ப் பிடி, கை எல்லாம் சோப்பு போட்டுத் தேய்ப்பேன். பாக்கெட் சிக்கன்னா கழுவ மாட்டேன். கழுவினாலும் கழுவாட்டியும், அடுத்தது துடைக்கறது. ஆன்ட்டி, உங்க மாமியார் குழம்பு வெச்சாங்க, அதுல ஈரம் தப்பில்ல. இதுல தப்பு. இதோட இந்தப் பேச்ச விட்டுடலாம்.

குரோம்பேட்டை: புது மெஷின், மொத தடவை ஒரு வாடை வந்துச்சு. நார்மலா?

மொத ரெண்டு தடவை லேசா வரும், ஜன்னல தொறந்து வெச்சு காலியா 10 நிமிஷம் ஓட்டிடுங்க. வீட்ல லவ் பேர்ட்ஸ், கிளி ஏதாவது இருக்கா? இருந்தா கூண்ட சமையல்கட்டுப் பக்கமே வைக்காதீங்க. நான்ஸ்டிக் கோட்டிங் ரொம்ப சூடானா வர்ற புகை நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே பறவைங்க உயிர எடுத்துடும். ஸ்டீல் நார் போட்டு பேஸ்கெட்ட தேய்க்கவும் வேணாம்.

கொளத்தூர்: பட்டர் பேப்பர் போடலாமா?

பேப்பர் மேல கறி கனமா உக்காந்திருந்தா போடலாம். வெறும் பேப்பர் போட்டு சூடு பண்ணாதீங்க, பறந்து காயில்ல ஒட்டினா தீ. ஆனா பேப்பர் போட்டா கீழேர்ந்து காத்து வராது, அடிப்பக்கம் நமுத்துடும்.

பல்லாவரம்: கிரிஸ்பியா வர டிப்ஸ் ப்ளீஸ்.

துடைங்க. உப்பு போட்டு ராத்திரி பூரா மூடாம வைங்க. நெருக்கி அடுக்காதீங்க. மொத ரெண்டு பதில்ல எல்லாம் இருக்கு, படிச்சிட்டு கேளுங்கப்பா.

திருவான்மியூர்: விங்ஸுக்கு பேக்கிங் பவுடர் போடச் சொல்றாங்களே, நெஜமா?

நெஜம். கிலோவுக்கு ரெண்டு டீஸ்பூன், உப்போட கலந்து தடவணும், தோல் நல்லா செவக்கும், குட்டிக் குட்டியா பொங்கி மொறுமொறுன்னு வரும். ஆப்ப சோடா இல்ல, அத போட்டா சோப்பு மாதிரி ருசிக்கும். பேக்கிங் பவுடர்.

மயிலாப்பூர்: 80 டிகிரி வந்தும் எலும்பு பக்கத்துல செவப்பா இருக்கு. வேகலையா?

வெந்துடுச்சு. பிராய்லர் சின்ன வயசுக் கோழி, எலும்பு மஜ்ஜைலேர்ந்து வர்ற நெறம் அது. கலர வெச்சு முடிவு பண்ணாதீங்க, தெர்மாமீட்டர் சொல்றது தான் கணக்கு.

அடையார்: எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ராத்திரி பூரா ஊற வெச்சேன், மாவு மாவா ஆயிடுச்சு.

புளிப்பு வெளிப்பக்கத்த அரிச்சுடும். எலுமிச்சை அரை மணி நேரம் போதும், இல்லன்னா வெந்தப்புறம் பிழிங்க.

பெருங்குடி: பசங்களுக்கு மத்தியானம் டப்பால குடுத்தா நமுத்துப் போகுது.

சூடா இருக்கும்போதே மூடினா அந்த ஆவியே திரும்ப ஈரமாக்கிடும், அதுவும் நம்ம சென்னை புழுக்கத்துல வெளிய வெச்சாலும் சீக்கிரம் நமுக்கும். தட்டுல வைக்காம கம்பி வலை மேல 10 நிமிஷம் ஆற விட்டு, டப்பால டிஷ்யூ போட்டு வைங்க. முழு மொறுமொறுப்பு டப்பால நிக்காது, அந்த ஆசைய விட்டுடுங்க. வீட்ல திரும்ப சூடு பண்ண 190ல 4 நிமிஷம்.

வேளச்சேரி தம்பி: அக்கா, இப்பவே போய் தோலோட ஒரு கிலோ வாங்கிட்டு வந்துட்டேன், உப்பும் தடவிட்டேன். ராத்திரி 9 மணிக்கு போட்டா போதுமா, இல்ல நாளைக்கு தானா?

இப்ப மணி 12, 9 மணி நேரம் கெடைக்குது, தாராளமா போதும். சொல்லுங்க, துடைச்சீங்களா? மூடி வெச்சிருந்தா மூடிய எடுத்துடுங்க. ஒரு கிலோவும் ஒரே தடவைல போடாதீங்க, ரெண்டு தடவையா போடுங்க, ரூம்ல இருக்கறவங்க காத்துட்டு இருக்கட்டும்.