பதின்மூன்றில் ஏன் நிறுத்தினாய்?

கேள்வி: 13, 666 போன்ற எண்களைத் தீய எண்கள் என்று சொல்வதற்கு ஏதேனும் அடிப்படை உண்டா? இவற்றைப் பற்றிய வேடிக்கைகளில் உங்களுக்குப் பிடித்தது எது?

கணித ஆசிரியராக இருப்பதால் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் ஏதாவது ஒரு வடிவில் என்னிடம் வந்துவிடுகிறது. ஒரு முறை, தேர்வுக்கு முந்தைய வாரம், நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி தன் தேர்வு நுழைவுச் சீட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றாள். பதிவு எண் 230125. அதற்குக் கீழே 2+3+0+1+2+5 = 13 என்று பென்சிலால் எழுதி, 13-ஐ இரண்டு முறை வட்டமிட்டிருந்தாள். இரண்டாவது வட்டத்தில் பென்சில் முனை அழுந்தித் தாள் இலேசாகக் கிழிந்திருந்தது.

“ஏம்மா, பதிமூணோட ஏன் நிறுத்திட்டே? ஒண்ணும் மூணும் கூட்டினா நாலு வருதே” என்று கேட்டேன். “நாலுன்னா பரவாயில்லை சார்” என்றாள். அவளுக்கு நான் அன்று சொன்னவற்றையும், அதன்பின் தேடிப் படித்தவற்றையும் சேர்த்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நான்கு என்றால் பரவாயில்லை என்று அவளால் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அவள் பேசும் மொழிதான். சீன மொழியில் நான்கைக் குறிக்கும் சொல்லும் சாவைக் குறிக்கும் சொல்லும் தொனியில் மட்டுமே வேறுபடுகின்றன. சீனத்திலிருந்து எண்களின் பெயர்களை வாங்கிக்கொண்ட ஜப்பானிய, கொரிய மொழிகளிலும் இதே ஒலி ஒற்றுமை தொடர்கிறது. அதனால் அந்நாடுகளில் பல கட்டடங்களில் நான்காம் தளம் என்ற பெயரே இருக்காது. அங்கே எவரும் பதின்மூன்றில் நிறுத்தியிருக்க மாட்டார்கள். நான்கு வரை வந்து, அங்கேதான் நடுங்கியிருப்பார்கள். இத்தாலியில் 17 ஆகாத எண். அதை ரோமன் முறையில் எழுதினால் வரும் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் ‘விக்ஸி’ என்ற இலத்தீன் சொல் கிடைக்கும். ‘வாழ்ந்தேன்’ என்பது அதன் பொருள். வாழ்ந்து முடித்துவிட்டேன் என்று அதை நீட்டிக்கொண்டார்கள். ரெனோ நிறுவனத்தின் ‘ரெனோ 17’ என்ற கார் இத்தாலியில் மட்டும் ‘ரெனோ 177’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது இதனால்தான். ஆப்கானிஸ்தானில் 39 என்ற எண் விபசாரத் தரகரைக் குறிக்கும் வசையாகிவிட்டதால், அந்த எண் கொண்ட வண்டியை வாங்கவே பலர் மறுத்தார்கள். ஜப்பானிலோ அதே 39-ஐ, ஆங்கிலத் ‘தேங்க் யூ’ போல ஒலிக்கும் ‘சான் க்யூ’ என்று படிக்கலாம் என்பதால், நன்றி சொல்வதற்கு இளைஞர்கள் அதைச் சுருக்கமாக எழுதி அனுப்புகிறார்கள்.

666 வேறு வகை. அதற்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. புதிய ஏற்பாட்டின் வெளிப்படுத்தின விசேஷம், 13ஆம் அதிகாரம் 18ஆம் வசனம், மிருகத்தின் எண்ணை 666 என்று சொல்லி, புத்தியுள்ளவன் அதைக் கணக்குப் பார்க்கட்டும் என்கிறது. எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ரோமப் பேரரசன் நீரோ சீசரின் பெயரை, கிரேக்க உச்சரிப்பின்படி ‘நெரோன் கேசர்’ என்று எபிரேயத்தில் எழுதிக் கூட்டினால், முதற்சொல்லுக்கு 306, இரண்டாம் சொல்லுக்கு 360, ஆக 666 வருகிறது. இலத்தீன் உச்சரிப்பின்படி கடைசி ‘ன்’ இல்லாமல் எழுதினால், அந்த எழுத்தின் மதிப்பான 50 குறைந்து 616 ஆகிவிடும். எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற இடத்தில் கிடைத்த பழைய பாப்பிரஸ் ஒன்றில் மிருகத்தின் எண் 616 என்றுதான் இருக்கிறது. நீரோ என்ற விடையை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதற்கு இந்த வேறுபாடு பெருந்துணையாக நிற்கிறது: 666, 616 ஆகிய இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்துகிறது. என் கணிப்பில், அடக்குமுறைக் காலத்தில் ஒரு கொடுங்கோலனின் பெயரை வெளிப்படையாகச் சொல்ல முடியாதவர்கள் எண்ணுக்குள் ஒளித்துவைத்தார்கள். எண் அங்கே ஒரு திரை. திரைக்குப் பின்னால் இருந்தவன் செத்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

பின்னால் வந்தவர்கள் அந்தத் திரையை எடுத்து, தமக்குப் பிடிக்காத எவர்மீதும் போர்த்தத் தொடங்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில், போப்பை எதிர்த்த மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் பக்கம் நின்ற ஜெர்மானியத் துறவி மைக்கேல் ஸ்டீஃபெல், பத்தாம் லியோ என்ற போப்பின் இலத்தீன் பெயரிலுள்ள ரோமன் எண்களைத் தனியே எடுத்துக் கூட்டினார்; 1656 வந்தது. பத்தாம் லியோ ஆயிற்றே என்று 10 சேர்த்தார், 1666 ஆனது. மிஞ்சிய ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்து ‘மர்மம்’ என்ற சொல்லின் முதலெழுத்து என்று சொல்லி அதை நீக்கினார், 666 கிடைத்துவிட்டது. கத்தோலிக்கத் தரப்பிலிருந்து பீட்டர் பங்கஸ் என்பவர் லூதரின் பெயரை ‘லூதர்னுக்’ என்று திருத்தி எழுதி, அதே 666-ஐத் திருப்பிக் கொடுத்தார். எந்த எண் வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அது வந்ததும் கூட்டுவதை நிறுத்துகிற இந்த வழக்கம், என் மாணவியின் பென்சில் வட்டத்திலும் இருந்தது. அச்சம் உள்ளே நுழைகிற வாசல் அந்த நிறுத்துமிடம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்டீஃபெலின் கதை அத்தோடு முடியவில்லை. 1533ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதி காலை எட்டு மணிக்கு உலகம் அழியும் என்று கணக்குப் போட்டு அறிவித்தார், அழியவில்லை, சிறைக்குப் போனார். வெளியே வந்தபின் உண்மையான கணிதத்தில் இறங்கி, 1544இல் அவர் வெளியிட்ட நூல் அந்த நூற்றாண்டின் சிறந்த கணித நூல்களில் ஒன்றாக விளங்குகிறது. அடுக்கு எண்ணுக்கு ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் பெயர்கூட அவர் கொடுத்ததே. அதே மனிதர், அதே எண்கள். விடையை முன்கூட்டி முடிவு செய்வதை விட்டதும் கணக்கு அவருக்குக் கைகொடுத்தது.

வெள்ளிக்கிழமை 13ஆம் தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைய நாட்காட்டி 400 ஆண்டுகளுக்கு ஒரு முறை கிழமை மாறாமல் அப்படியே திரும்புகிறது. அந்த 4800 மாதங்களில் 13ஆம் தேதி மற்ற எந்தக் கிழமையையும்விட வெள்ளியில்தான் அதிகமாக, 688 முறை, விழுகிறது. இதைக் கேட்டவுடன் பலருக்கு உடல் சிலிர்க்கிறது. மிகக் குறைவாக வரும் வியாழனுக்கும் சனிக்கும் 684 முறை என்பதையும் சேர்த்துச் சொன்னால் சிலிர்ப்பு அடங்கிவிடும்.

ஆனால் இந்த அச்சத்தை நான் எளிதாகப் பேசிவிடுவதில்லை. இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1874 செப்டம்பர் 13 அன்று பிறந்தவர்; வாழ்நாள் முழுவதும் 13-க்கு அஞ்சினார். ‘மோசஸ் உண்ட் ஆரோன்’ என்ற ஓபராவின் தலைப்பில் 13 எழுத்துகள் வந்ததால் ஆரோனின் பெயரில் ஓர் எழுத்தைக் குறைத்தார். 76 வயதை எட்டியபோது, ஏழும் ஆறும் கூடினால் 13 என்று நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார். 1951 ஜூலை 13, வெள்ளிக்கிழமை. ஏற்கெனவே நோயுற்றிருந்த அவர் அன்று கலக்கத்தோடு படுக்கையில் கிடந்து, நள்ளிரவுக்குச் சற்று முன் இறந்தார். இதை எண்ணின் வெற்றி என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவரைக் கொன்றது நோய். ஆனால் எத்தனையோ நல்ல நாள்களை அந்த எண் அவரிடமிருந்து முன்பே பறித்துக்கொண்டது.

நோய்ப்படுக்கையோடு சேர்ந்த இன்னொரு எண்ணும் உண்டு. இலண்டனின் பட்னிப் பகுதியில் கணித மேதை இராமானுஜன் நோயுற்றுப் படுத்திருந்தபோது பார்க்க வந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி, தாம் வந்த டாக்சியின் எண் 1729 சுவையற்றதாகத் தெரிகிறது, அது கெட்ட சகுனமாக இருக்கக்கூடாது என்று கவலையோடுதான் பேச்சைத் தொடங்கினார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு விதங்களில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் சொன்ன பதிலை நாம் எல்லாரும் அறிவோம். சகுனம் பார்க்க வேண்டுமென்றால் அதில் இடமிருந்தது: 1729 என்பது 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கற்பலன். இராமானுஜன் 13-இல் நிற்கவில்லை.

கடைசியாக, எனக்குப் பிடித்த வேடிக்கை. கணிதத்தில் ‘தீய எண்’ என்பதற்கு முறையான வரையறையே உண்டு. ஓர் எண்ணைப் பூச்சியமும் ஒன்றும் மட்டுமே கொண்ட இரும முறையில் எழுதும்போது அதில் ஒன்றுகள் இரட்டைப்படையாக வந்தால் அது ‘ஈவில்’ எண். ஒற்றைப்படையாக வந்தால் ‘ஓடியஸ்’, அதாவது வெறுக்கத்தக்க எண். ஆங்கிலத்தில் இரட்டை, ஒற்றை என்பவற்றுக்கான ‘ஈவன்’, ‘ஆட்’ ஆகிய சொற்களோடு விளையாடி வைத்த பெயர்கள் இவை. 666-ஐ இரும முறையில் எழுதினால் 1010011010. ஒன்றுகள் ஐந்து, ஆகவே 666 தீய எண் இல்லை. 13-உம் இல்லை. பாப்பிரஸில் இருந்த 616-ஓ 1001101000, ஒன்றுகள் நான்கு, அது தீய எண்ணேதான்.

இதை அந்த மாணவிக்குச் சொன்னதும், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தன் பதிவு எண்ணை இரண்டால் வகுத்துக்கொண்டே போனாள். பதினெட்டு இலக்கங்கள் வந்தன, எண்ணிப் பார்த்தாள், ஒன்றுகள் பத்து. “சார், என் நம்பர் நிஜமாவே ஈவில்” என்று சிரித்தாள். ஓர் இரட்டைப்படை எண்ணுக்கும் அதற்கு அடுத்த எண்ணுக்கும் இரும வடிவில் கடைசி இலக்கம் மட்டுமே மாறும், அதனால் அவற்றில் ஒன்று கட்டாயம் தீயது, மற்றது வெறுக்கத்தக்கது என்று விளக்கினேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தனக்கு முன் இருக்கையில் தேர்வெழுதப்போகும் 230124-ஆம் எண் தோழியைத் தேடி ஓடினாள். நுழைவுச் சீட்டு என் மேசையிலேயே கிடந்தது. மாலையில் நினைவு வந்துதான் எடுத்துப் போனாள்.